ஹைபிரிட் மைலேஜ் குறைவது மார்கழிக் குளிராலா, மலையாலா, ஓட்டும் முறையாலா?

மார்த்தாண்டம்_ஹைரைடர்:

வண்டி டொயோட்டா ஹைரைடர், ஸ்ட்ராங் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோட, தனியாவே வண்டியை ஓட்டக்கூடிய பேட்டரி மோட்டாரும் உள்ளது. சான்றளித்த மைலேஜ் லிட்டருக்கு 27.97 கி.மீ. தக்கலை வழியா நாகர்கோவில் போய் வந்தா மீட்டர்ல 24, 25 நிக்கும். டிசம்பர், ஜனவரியில ஊருக்குள்ளேயே ஓடினா 16, 17க்கு இறங்குது. காலையில ஸ்டார்ட் பண்ணினதும், பேட்டரியில முக்கால் பங்கு சார்ஜ் இருந்தும் இன்ஜின் அணையாம ஓடுது. கொடைக்கானல் ஏறினா இன்னும் கீழ போகுது. பேட்டரி போகுதா, குளிரா, ஓட்டுறதுலதான் கோளாறா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வடசேரி_ஒர்க்‌ஷாப்:

மக்கா, பேட்டரியை முதல்ல சந்தேகப்படாதீங்க. காலையில இன்ஜின் ஓடுறது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்த மட்டும் இல்ல. சைலன்சர் லைன்ல இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடானாத்தான் புகையைச் சுத்தம் பண்ணும். ஆயிலும் கூலன்டும் சூடாகணும். அதுவரைக்கும் பேட்டரி நிறைஞ்சிருந்தாலும் கம்ப்யூட்டர் இன்ஜினை ஓட்டத்தான் செய்யும். டொயோட்டா ஹைபிரிட்ல பொதுவா கூலன்ட் 40 டிகிரி தாண்டினா சிக்னல்ல நிக்கும்போது அணைய ஆரம்பிக்கும். 70 டிகிரி பக்கம் வந்தபிறகுதான் தாராளமா அணைஞ்சு அணைஞ்சு ஓடும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்.

இப்போ கணக்கைப் பாருங்க. நம்ம மாவட்டத்துல மார்கழி விடியக்காலையில 22 டிகிரி இருக்கும், பகல்ல 30. விடியக்காலையில 48 டிகிரி ஏறணும், பகல்ல 40. அதாவது சூடாகுற வேலை அஞ்சுல ஒரு பங்கு கூடுது, அவ்வளவுதான். 25 கி.மீ. ஓட்டத்துல இது தெரியவே தெரியாது. மார்த்தாண்டம் சந்தைக்கு 3 கி.மீ. போய் வண்டியை நிறுத்தினா அந்த ஓட்டம் முழுக்கவே சூடாக்குற ஓட்டம்தான். 16, 17 வர்றதுக்குக் காரணம் ஓட்டத்தோட நீளம். குளிர் அதுக்கு மேல கொஞ்சம் சேருது.

செய்ய வேண்டியது: பால், சந்தை, பிள்ளையை டியூஷன்ல விடுறது எல்லாத்தையும் ஒரே சுத்துல முடிங்க. தூரமான இடத்துக்கு முதல்ல போங்க, பக்கத்துல இருக்கிறதை வர்ற வழியில வச்சுக்கோங்க. ஒருதடவை முழுசா சூடான இன்ஜின் அரைமணி நேரம் நின்னாலும் ரொம்ப ஆறாது, அடுத்த ஸ்டார்ட்ல சீக்கிரம் அணைஞ்சிரும். வீட்டு வாசல்ல நிறுத்திவச்சு சூடாக்காதீங்க. ரெடி விளக்கு வந்ததும் அரை நிமிஷத்துல கிளம்பி, முதல் ரெண்டு கிலோமீட்டரை மெதுவா மிதிச்சுப் போனா போதும்.

தக்கலை_டொராண்டோ:

நிஜக் குளிர் என்ன செய்யும்னு இங்கேயிருந்து சொல்லுதேன். அமெரிக்க எரிசக்தித் துறையோட கணக்குப்படி, 25 டிகிரியோட ஒப்பிட்டா மைனஸ் 7 டிகிரியில நகர ஓட்டத்துக்கு சாதாரண பெட்ரோல் கார் சுமார் 15 சதவீதம் மைலேஜ் இழக்கும். 5, 6 கி.மீ. குறுகிய ஓட்டத்துல அது 24 சதவீதம் வரை போகும். ஹைபிரிட்டுக்கு இழப்பு 30 முதல் 34 சதவீதம்.

ஹைபிரிட் ஏன் அதிகமா இழக்குது? அதோட லாபமே இன்ஜினை அணைக்கிறதுல இருக்கு. குளிர்ல அணைக்க முடியல. கேபின் ஹீட்டர் கூலன்டோட சூட்டைத்தான் எடுக்குது. ஹீட்டரை 26ல வச்சா, சிக்னல்ல நிக்கும்போதும் சூடு வேணும்னு இன்ஜின் ஓடும். இன்னொண்ணு, லித்தியம் பேட்டரி உறைநிலைக்குக் கீழ சார்ஜை வேகமா வாங்காது. கட்டாயப்படுத்தினா செல்லுக்குள்ள லித்தியம் படிஞ்சு கெட்டுப்போகும், அதனால பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டரா சுத்தித் தர்ற கரன்டைக் கம்ப்யூட்டர் குறைச்சிரும். குளிர்ந்த காத்து அடர்த்தியானது, அதைக் கிழிச்சுப் போகவும் கூடுதல் சக்தி வேணும்.

இங்க ஆட்கள் இன்ஜின் பிளாக் ஹீட்டரை கரன்ட்ல சொருகி கிளம்புறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி சூடாக்குவாங்க, கிரில்லை மறைப்பாங்க. இதைப் பாத்துட்டு நாகர்கோவில்ல கிரில்லுக்கு அட்டை வைக்காதீங்க. நம்ம ஊர்ல ரேடியேட்டருக்கும் ஏசி கன்டென்சருக்கும் காத்து போதலைன்னா நஷ்டம்தான்.

ஆசாரிபள்ளம்_டீச்சர்:

கொடைக்கானல் கேள்விக்கு வருகிறேன். அங்கே மைலேஜ் விழுவதில் குளிரின் பங்கு சிறியது. வண்டியும் நான்கு பேரும் சாமானும் சேர்த்து 1600 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து கொடைக்கானல் வரை சுமார் 1800 மீட்டர் ஏற்றம். 1600 × 9.81 × 1800 என்றால் 28 மெகாஜூல், கிட்டத்தட்ட 7.8 யூனிட் மின்சாரம். ஒரு லிட்டர் பெட்ரோலில் 9 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் உண்டு. நல்ல ஹைபிரிட் இன்ஜினும் அதில் 40 சதவீதத்துக்குள்தான் வேலையாக மாற்றும். ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டுமே தனியாக 2 லிட்டருக்கு மேல் வேண்டும். சாலையில் உருளவும் காற்றைத் தள்ளவும் ஆவது வேறு.

இறங்கும்போது அது திரும்பக் கிடைக்குமே என்று பலரும் நம்புகிறார்கள். ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் பேட்டரி மொத்தம் 0.76 யூனிட். ஆயுளைக் காக்க அதை அடிவரை காலியாக்கவோ முழுக்க நிரப்பவோ கம்ப்யூட்டர் விடாது. நடுவில் பாதி அளவுதான் புழக்கத்தில் இருக்கும். 7.8 யூனிட் இறங்கி வருகிறது, வாங்கிக்கொள்ளும் இடம் 0.4க்கும் குறைவு. முதல் சில வளைவுகளிலேயே பேட்டரி நிறைந்துவிடும், மீதி வெப்பமாகப் போகும். மலையில் கொடுத்த பெட்ரோலை மலையிலேயே திரும்ப வாங்க இந்த அளவு பேட்டரியால் முடியாது.

குலசேகரம்_ரப்பர்:

டீச்சர் சொன்னதோட ஓட்டும் முறையைச் சேக்கேன். ஏறும்போது இவி பட்டனை (இன்ஜின் இல்லாம மோட்டார்ல மட்டும் ஓட்டுறது) அமுக்காதீங்க. இறக்கம் தொடங்குற இடத்துக்கு பேட்டரி பாதிக்கும் கீழ இருந்தா நல்லது, வாங்கிக்க இடம் இருக்கும். கொடைக்கானல்ல ராத்திரி தங்கினா, மறுநாள் ஊருக்குள்ள கொஞ்சம் மெதுவா சுத்திட்டு இறங்குங்க.

இறக்கத்துல முதல்ல டி கியர்லயே, பிரேக்கை லேசா தொட்டுப் பிடிச்சு வாங்க. பேட்டரி நிறைஞ்சதும் பி (B) கியருக்குப் போங்க, இது பார்க்கிங் (P) இல்ல. பியில இன்ஜினை பெட்ரோல் இல்லாமச் சுத்தவச்சு வேகத்தைப் பிடிக்கும். சத்தம் கூடக் கேக்கும், பயப்பட வேண்டாம். சமதரையில பியைப் போட்டு ஓட்டுறது வீண், பேட்டரிக்குப் போக வேண்டிய சக்தியை இன்ஜினைச் சுத்துறதுல செலவழிக்கும். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்துல இருக்கிற சின்ன இறக்கத்துக்கு டியே போதும்.

கன்னியாகுமரி_சிட்டி:

ஹோண்டா சிட்டி ஹைபிரிட்ல பி தவிர ஸ்டீயரிங் பின்னாடி துடுப்பு மாதிரி ரெண்டு பட்டன் இருக்கு. இடப்பக்கத்தை இழுக்க இழுக்க வேகம் பிடிக்கிற அளவு கூடும், மலையில அது வசதி. இந்த வண்டியில பெரும்பாலும் மோட்டார்தான் சக்கரத்தைச் சுத்தும், இன்ஜின் கரன்ட் தயாரிக்கும். நெடுஞ்சாலை வேகத்துலதான் இன்ஜின் நேரடியா கோத்துக்கும். ஆனா காலையில சூடாகுற கதை இதுலயும் அதேதான்.

இறக்கத்துல நியூட்ரல் போட்டா பெட்ரோலே செலவாகாதுன்னு சிலர் சொல்லுறாங்களே?

வடசேரி_ஒர்க்‌ஷாப்:

தயவுசெய்து யாரும் செய்யாதீங்க. நியூட்ரல்ல பிரேக் மிதிச்சா கரன்ட் திரும்ப வராது, முழு பாரமும் டிஸ்க்குக்கும் பேடுக்கும் போகும். மலை இறக்கத்துல பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போகும். டியில காலை எடுத்தாலே இன்ஜினுக்குப் பெட்ரோல் நின்னுரும், நியூட்ரலுக்குன்னு தனி லாபம் ஒண்ணும் கிடையாது. ஊர் நெரிசல்ல ரொம்ப நேரம் நியூட்ரல்ல நிக்கிறதும் தப்பு. டொயோட்டா ஹைபிரிட் நியூட்ரல்ல பேட்டரியை சார்ஜ் பண்ணாது. நிக்கணும்னா டியில பிரேக்கை மிதிச்சு நில்லுங்க, இல்லன்னா பார்க்கிங் (P) போடுங்க.

தோவாளை_பூக்கடை:

டயர் காத்து பத்தி யாரும் பேசலையே. ஒவ்வொரு 5, 6 டிகிரி குறைவுக்கும் 1 பிஎஸ்ஐ இறங்கும்னு சொல்லுறாங்க. அப்போ கொடைக்கானல் போனதும் 4 பிஎஸ்ஐ கூட்டி அடிக்கணும்தானே?

ஆசாரிபள்ளம்_டீச்சர்:

சமதரையில் குளிரும்போது அந்தக் கணக்கு சரி. மலையில் இன்னொரு விஷயமும் சேர்ந்து மாறுகிறது. காற்றளவி காட்டுவது டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. கடல் மட்டத்தில் வெளியே 14.7 பிஎஸ்ஐ. 2100 மீட்டரில் சுமார் 11.4.

நாகர்கோவிலில் 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ அடித்தால் உள்ளே மொத்தம் 47.7. கொடைக்கானலில் 8 டிகிரிக்குக் குளிர்ந்தால் அது 44.2 ஆகும். வெளியே 11.4. வித்தியாசம் 32.8. அதாவது குளிர் குறைத்ததை உயரம் ஏறக்குறைய ஈடுகட்டிவிடுகிறது. 4 பிஎஸ்ஐ கூட்டி அடித்தால் கீழே வந்ததும் அளவுக்கு மேல் நிற்கும், பிடிமானமும் குறையும். வீட்டிலேயே, வண்டி ஓடாமல் ஆறி நிற்கும்போது, டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு அடியுங்கள். முழு ஆள், முழு சாமான் என்றால் அங்கே அதற்கென்று வேறு அளவு கொடுத்திருந்தால் அதை எடுங்கள். மலைக்காகத் தனியாக எதுவும் வேண்டாம்.

ஆரல்வாய்_காற்று:

நம்ம மாவட்டத்துக்குன்னே ஒரு காரணம் இருக்கு, குளிரைவிடப் பெரிசு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில அடிக்கிற காத்து. முப்பந்தல்ல காத்தாடி நிக்கிறதே அதுக்காகத்தான். காத்து மேற்கிலிருந்து கிழக்க போகும். நாகர்கோவில்ல இருந்து காவல்கிணறு, திருநெல்வேலி போகும்போது முதுகுல தள்ளும், திரும்பி வரும்போது முகத்துல அடிக்கும்.

காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும். 80ல போற வண்டிக்கு 30 கி.மீ. எதிர்காத்து வந்தா, வண்டிக்கு அது 110ல போற மாதிரி. 110ஐ 80ஆல வகுத்து வர்க்கம் பண்ணினா 1.89, காத்தோட எதிர்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. போகும்போது 27, வரும்போது 19 காட்டினா வண்டியில பழுது தேடாதீங்க. வரும்போது 70, 75ல வந்தா கண்ணுக்குத் தெரியுற வித்தியாசம் இருக்கும். காத்தே இல்லாத நாள்ல கூட 100ல போனா 80ஐவிட எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல.

ஹைபிரிட்டோட பலம் நாலுவழிச் சாலை இல்ல. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசல்தான் அதுக்கு உகந்த இடம். பஸ்ஸுக்குப் பின்னாடி 30, 40ல நின்னு நின்னு போற ரோட்டுல சாதாரண பெட்ரோல் வண்டி மைலேஜ் சரியும், ஹைபிரிட் ஏறும்.

மார்த்தாண்டம்_ஹைரைடர்:

நெரிசல்ல எப்படி மிதிக்கணும்? இவியிலயே முடிஞ்சவரை உருட்டுறதுதான் இதுவரைக்கும் என் வழக்கம்.

வடசேரி_ஒர்க்‌ஷாப்:

அதை மாத்துங்க. பேட்டரியில இருக்கிற கரன்ட் சும்மா வரல. பிரேக்ல கிடைச்சது கொஞ்சம், மீதி இன்ஜின் பெட்ரோல் எரிச்சுத் தயாரிச்சது. இன்ஜின்ல இருந்து ஜெனரேட்டர், அங்கிருந்து பேட்டரி, திரும்ப மோட்டார்னு ஒவ்வொரு படியிலயும் கொஞ்சம் வீணாகும். கால் தொடாத மாதிரி மிதிச்சு இவியிலயே 45 வரைக்கும் இழுத்தா, பிறகு பேட்டரி இறங்கி, வண்டி நிக்கும்போதே இன்ஜின் எழும்பி சார்ஜ் போடும். அதுதான் மோசமான செலவு.

சரியான முறை இது. நிக்கிற இடத்துல இருந்து முதல் உருளலை மோட்டாருக்கு விடுங்க. அதுக்குப் பிறகு தயங்காம, மீட்டர் முள் ஈகோ பகுதியோட மேல் பாதியில நிக்கிற மாதிரி மிதிச்சு 40, 45க்கு ஏத்துங்க. பவர் பகுதிக்குள்ள போக வேண்டாம். வேகம் வந்ததும் காலை முழுசா எடுத்து, திரும்ப ஒரு மயிரிழை மிதிங்க. இன்ஜின் அணைஞ்சு, இவி விளக்கு எரிஞ்சு, வேகம் அப்படியே நிக்கும். ஏத்தத்துல இன்ஜின், சமதரையில மோட்டார். இதைப் பழகினா மார்த்தாண்டம் மேம்பாலத்துலயே வித்தியாசம் தெரியும்: ஏறும்போது இன்ஜின், உச்சி தாண்டினதும் கால் எடுத்து மறுபக்கம் இறங்குறது முழுக்க சார்ஜ்.

ஆசாரிபள்ளம்_டீச்சர்:

பிரேக்குக்கும் ஒரு கணக்கு. 1500 கிலோ வண்டி 60ல் போகும்போது அதிலுள்ள இயக்க ஆற்றல் சுமார் 208 கிலோஜூல். 4 விநாடியில் நிறுத்தினால் சராசரி 52 கிலோவாட், 10 விநாடியில் நிறுத்தினால் 21 கிலோவாட். ஹைரைடர் இன்ஜின் 68 கிலோவாட், இன்ஜினும் பேட்டரியும் சேர்ந்த மொத்தம் 85. அந்த வித்தியாசத்தைப் பார்த்தாலே பேட்டரி மின்சாரம் வாங்கும் திறன் எந்த அளவில் இருக்கும் என்று ஊகிக்கலாம். 52 கிலோவாட்டை அதனால் வாங்க முடியாது, மிச்சம் டிஸ்க்கில் சூடாகப் போகும். ஆகவே சிக்னல் சிவப்பு என்று தெரிந்ததுமே லேசாக மிதிக்கத் தொடங்குங்கள். முன்வண்டிக்கு இடைவெளி கூட்டுவதுதான் இதற்கு ஒரே வழி.

குளச்சல்_கடலோரம்:

லேசா மிதிக்கிறதுல ஒரு பக்கவிளைவு இருக்கு, கடலோரத்துல கவனிக்கணும். ஹைபிரிட்ல டிஸ்க் பிரேக் அதிகம் வேலை செய்யாது. குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் உப்புக்காத்துல டிஸ்க்ல துரு பிடிக்கும், காலிப்பர் பின் இறுகும். பின் இறுகினா பேட் டிஸ்க்கை விட்டு முழுசா விலகாது, எப்பவும் லேசா உரசும். மைலேஜ் கொஞ்சம் கொஞ்சமா குறையும், ஏன்னு தெரியாது.

கண்டுபிடிக்க: 15, 20 கி.மீ. ஓட்டிட்டு, கடைசியில பிரேக்கை முடிஞ்சவரை தொடாம நிறுத்துங்க. நாலு சக்கரத்தோட நடுப்பகுதிக்குப் பக்கத்துல கையைக் கொண்டுபோங்க, டிஸ்க்கைத் தொடக்கூடாது. ஒண்ணு மட்டும் தனியா கொதிச்சா அதுலதான் உரசல். கழட்டி பின்னைச் சுத்தம் பண்ணி, பிரேக்குக்கு உண்டான சிலிகான் கிரீஸ் போடணும். சாதாரண கிரீஸ் போட்டா ரப்பர் உறை உப்பிப்போகும். வராமத் தடுக்க, வாரம் ஒருதடவை ஆள் இல்லாத ரோட்டுல, பின்னாடி வண்டி இல்லன்னு பாத்துட்டு, 50ல இருந்து கொஞ்சம் அழுத்தி ரெண்டு மூணு பிரேக் பிடிங்க. துரு தேய்ஞ்சு போகும்.

இரணியல்_ஹைகிராஸ்:

ஏசி எவ்வளவு தின்னும்? மழைக்காலத்துல கண்ணாடி வேற புகைமூடுது.

வடசேரி_ஒர்க்‌ஷாப்:

இந்த வண்டிகள்ல கம்ப்ரசர் பெல்ட்ல ஓடாது, ஹைபிரிட் பேட்டரியில இருந்து கரன்ட்ல ஓடும். அதனாலதான் இன்ஜின் அணைஞ்சும் குளிர் வருது. நின்ன இடத்துல ஏசி 1 கிலோவாட் இழுத்தா, ஹைரைடர் மாதிரி சின்ன பேட்டரி 20 நிமிஷத்துக்குள்ள இறங்கி இன்ஜின் எழும்பும். வெயில்ல நின்ன வண்டியை முதல்ல கண்ணாடி இறக்கி ஒரு நிமிஷம் ஓட்டி சூட்டை வெளிய விடுங்க, பிறகு 25 ஆட்டோ, உள்காத்துச் சுழற்சி. புகைமூடினா வெளிக்காத்துக்கு மாத்தி, ஏசியை ஆனிலயே வச்சு முன்கண்ணாடிப் பட்டனை அமுக்குங்க. ஏசிதான் ஈரத்தை எடுக்கும். வெப்பநிலையை ரொம்ப மேல ஏத்தினா ஹீட்டருக்காக இன்ஜின் அணையாம ஓடும், டொராண்டோக்காரர் சொன்ன அதே கதை.

பேட்டரிக்கும் காத்து வேணும். அதோட விசிறி கேபின் காத்தைத்தான் இழுக்குது. உறிஞ்சுற துளை சீட்டுப் பக்கத்துலயோ அடியிலயோ இருக்கும், உங்க மாடலுக்கு எங்கன்னு கையேட்டுல படம் இருக்கு. வாழைக்குலை, தேங்காய் மூட்டை, போர்வை வச்சு அதை அடைக்காதீங்க. உள்ள ஒரு சல்லடை ஃபில்டர் இருக்கு, தேங்காய் நார், தூசி அடைச்சா பேட்டரி சூடாகி சார்ஜ் வாங்குறது குறையும். ஒவ்வொரு சர்வீஸ்லயும் சுத்தம் பண்ணச் சொல்லிக் கேளுங்க. ஆயிலும் கையேட்டுல போட்டிருக்கிற மெல்லிய வகையேதான். கெட்டியான ஆயில் இன்ஜினுக்கு நல்லதுன்னு யாராவது ஊத்தினா, காலை ஓட்டத்துல முதல் அடி அங்கதான்.

தோவாளை_பூக்கடை:

கல்ஃபுல இருந்து லீவுல வர்றவங்க வண்டி மாசக்கணக்கா நிக்குமே?

வடசேரி_ஒர்க்‌ஷாப்:

அங்க போறது பெரிய பேட்டரி இல்ல, 12 வோல்ட் சின்ன பேட்டரி. அது இறங்கினா ரெடி விளக்கே வராது. வீட்டுல இருக்கிறவங்க வாரம் ஒருதடவை, ரெடி விளக்கு எரியுற நிலையில அரைமணி முதல் ஒருமணி நேரம் வச்சா போதும். கார் ஷெட் மூடியிருந்தா கதவைத் திறந்து வச்சுத்தான் செய்யணும், எந்நேரமும் இன்ஜின் எழும்பி புகை விடும். பட்டனை மட்டும் அமுக்கி, ரெடி வராம ரேடியோ கேட்டா பேட்டரி இன்னும் வேகமா இறங்கும்.

மார்த்தாண்டம்_ஹைரைடர்:

மீட்டர் காட்டுறதை நம்பலாமா? பேட்டரி நல்லாருக்குன்னு எப்படி உறுதி பண்றது?

ஆரல்வாய்_காற்று:

மீட்டர் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமா காட்டும். ஒரே பங்க், ஒரே பம்ப், துப்பாக்கி முதல்தடவை தானா நின்னதும் நிறுத்துங்க, ரவுண்டா ஆக்கச் சொல்லி மேல ஊத்த வேண்டாம். 400 கி.மீ. தாண்டினதும் அதே இடத்துல அதே மாதிரி நிரப்பி, ஓடின கிலோமீட்டரை லிட்டரால வகுங்க. சின்ன அளவுல போட்டுப் பாத்தா பிழை பெருசா வரும். இன்னொண்ணு, எத்தனால்ல பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதம் கலந்த பெட்ரோல்ல கலப்பே இல்லாததைவிட லிட்டருக்கு ஏழு சதவீதம் பக்கம் ஆற்றல் குறையும். 10 சதவீதக் கலப்பு இருந்தப்போ வந்த மைலேஜோட இப்போதையதை ஒப்பிடும்போது அந்த ஏழுல பாதியை, அதாவது மூணரை சதவீதம் பக்கம், அதுக்குக் கழிச்சிருங்க. சான்றளித்த 27.97 ஆய்வகத்துல உருளை மேல ஓட்டினது, எதிர்காத்து, ஏத்தம், குழி எதுவும் அதுல கிடையாது.

வடசேரி_ஒர்க்‌ஷாப்:

பேட்டரி நிஜமா தளர்ந்தா வேற மாதிரி தெரியும். சார்ஜ் கோடு சில நிமிஷத்துலயே மேல ஏறி, அதே வேகத்துல கீழ விழும். பேட்டரி விசிறி சத்தமா ஓடிக்கிட்டே இருக்கும். கடைசியா எச்சரிக்கை விளக்கு வரும். காலையில மட்டும் இன்ஜின் ஓடி, சூடானபிறகு ஒழுங்கா அணைஞ்சா அது பேட்டரி கோளாறு இல்ல. சந்தேகம் தீரலன்னா சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் போட்டு ஹைபிரிட் ஹெல்த் செக் கேளுங்க. ஹைபிரிட் பேட்டரிக்கு டொயோட்டா 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி கொடுக்குது, வெளி மெக்கானிக்கை வச்சு ஆரஞ்சு கலர் வயரைத் தொட விடாதீங்க. அது உயர் அழுத்த லைன்.

இரணியல்_ஹைகிராஸ்:

கடைசியா ஒண்ணு. சபரிமலை சீசனுக்காக மாட்டின மேல் கேரியரை அப்படியே விட்டுட்டோம். வெறுமனே இருந்தா பரவாயில்லையா?

ஆரல்வாய்_காற்று:

வெறுமனே இருந்தாலும் காத்தைப் பிடிக்கும், 60க்கு மேல தெரியும். கழட்டிருங்க. கம்பி மட்டும் தனியா நிக்கிற மாடல்னா குறுக்குக் கம்பியையும் சேத்து எடுங்க, விசில் சத்தமும் நிக்கும். திரும்ப மாட்டும்போது நட்டுக்கெல்லாம் துருப்பிடிக்காத ஸ்டீல் போடுங்க, நம்ம ஊர் காத்துல சாதாரண நட்டு அடுத்த சீசனுக்குக் கழட்ட வராது.